அன்பின் பேரில் ஒரு ஃப்ளாட்

பக்தவத்சலம் தங்கை வீட்டுக்கு வருவதென்றால் இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று பொங்கல், அப்போது கையில் ஒரு சேலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருக்கும். இல்லாவிட்டால் அவருக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கும். அப்போது பழம் மட்டும் இருக்கும். 2001 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆப்பிளும் மாதுளையுமாக ஒரு கூடையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு புனேயில் கட்கி குவார்ட்டர்ஸின் மாடிப்படி ஏறி வந்தபோது, காரியம் கனமானது என்று கனகவல்லி கூடையைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"மாப்ளே, உக்காருங்க. நின்னுக்கினு கேக்கற விஷயம் இல்ல" என்று வீட்டுக்காரரையே உட்காரச் சொன்னார் பக்தவத்சலம். கிட்டு உட்கார்ந்தார். முப்பத்தாறு வருஷமாக ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர் அவர். யார் எதைச் சொன்னாலும் முதலில் செய்துவிட்டு, ஏன் என்று பிறகு யோசிப்பது பழகிவிட்டது. ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி.

பக்தவத்சலத்துக்குப் போசரியில் நான்கு லேத்தும் இரண்டு டிரில்லிங் மெஷினும் கொண்ட ஒரு பட்டறை இருந்தது. பட்டறை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். கம்பெனி என்று சொல்ல வேண்டும். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் அவர் உட்காரும் இடம் 'எம்.டி. கேபின்'. அங்கே ஏசியைப் போட்டால் வெளியே மூன்றாம் லேத்துக்கு மூச்சு வாங்கும், அதனால் வெளியாட்கள் வரும்போது மட்டும் போடுவார். சாகணில் கார் கம்பெனிகள் வரிசையாக வரப்போகின்றன என்று கேள்விப்பட்டு, ஒரு கூட்டுறவு பாங்க்கில் கடன் வாங்கி, தானாக ஓடும் கம்ப்யூட்டர் மெஷின் ஒன்றை இறக்கினார். திறப்பு விழாவுக்குத் தமிழர்கள் இருக்கும் ராஸ்தா பேட்டிலிருந்து நாதஸ்வரம் வந்தது. அழைப்பிதழில் தன் பெயருக்கு முன்னால் 'தொழிலதிபர்' என்று தானே போட்டுக்கொண்டார். கம்பெனிகள் சாகணுக்கு வரத்தான் செய்தன. ஆர்டர்தான் போசரிவரை வரவில்லை. மெஷின் நீல பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் ஒரு வருஷமாக முக்காடு போட்டுக்கொண்டு நின்றது.

"பாங்க்காரன் நோட்டீஸ் விட்டுட்டான்" என்றார், ஏதோ விருது கிடைத்த செய்தியைச் சொல்வதுபோல. "கடன் எழுதினது மெஷின் மேலதான். ஆனா அத வித்தா பாதிகூட தேறாது. மீதிக்கு எங்க வருவான்? ஃப்ளாட்டுக்குதான். அதான் அத என் பேர்லேர்ந்து எடுத்துடுன்றான் வக்கீலு. கனகா பேருக்கு மாத்திடலாம்னு இருக்கேன்."

"அண்ணி பேர்லயே வெக்கலாமேண்ணா" என்றாள் கனகவல்லி.

"அவதான் ஜாமீன் கையெழுத்து போட்டிருக்காளே. பையன் நிர்மல் மைனரு. வெளியாள நம்ப முடியுமா? நீதான் எங்கயும் போவமாட்ட."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. காலேஜுக்குப் போகும் மகள் சுப்ரஜா ஆப்பிளைக் கடித்தபடி உள்ளிருந்து வந்தாள். "மாமா, யே தோ சீட்டிங் ஹை நா?"

"இதுக்கு பேரு பிளானிங்மா. உங்கப்பாக்கு இதெல்லாம் தெரிஞ்சிருந்தா இப்படி குவார்ட்டர்ஸ்லயே உக்காந்திருப்பாரா?"

கிட்டு காதைச் சொறிந்துகொண்டார். அவர் பேசப்போகிறார் என்பதற்கு அதுதான் அறிகுறி. "மச்சான், சொசைட்டி ஒண்ணு இருக்குதே."

அந்த சொசைட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபேக்டரி ஊழியர்கள் சேர்ந்து ஹடப்சரில் வீடு கட்டிக்கொள்ள 1986இல் ஆரம்பித்த சங்கம் அது. நிலத்தின்மேல் யாரோ வழக்குப் போட்டு, பத்து வருஷம் அங்கே எருமை மேய்ந்தது. பிறகு வழக்கு தீர்ந்து, தூண் எழும்பி, இப்போது மூன்றாம் மாடிவரை வந்திருக்கிறது. கிட்டு வரிசையில் அறுபத்தொன்றாவது ஆள். பதினைந்து வருஷமாகச் சம்பளத்தில் பிடித்தம் போகிறது. ஓய்வுபெற்ற பிறகு நாலு மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டும். அதற்கப்புறம் அந்த ஹடப்சர் ஃப்ளாட்டை விட்டால் புனேயில் அவர்களுக்கு ஒண்ட இடம் கிடையாது. வேலூர்ப் பக்கம் இருந்த ஓட்டு வீட்டையும் அப்பா காலத்திலேயே விற்றாயிற்று. சங்கத்தின் விதி ஒன்றே ஒன்றுதான்: உறுப்பினருக்கோ மனைவிக்கோ ஊருக்குள் வேறு வீடு இருக்கக்கூடாது. சாவி வாங்குமுன் அப்படிச் சத்தியப் பத்திரம் எழுதித்தர வேண்டும்.

"அது எப்ப வரப்போவுது மாப்ளே? நாலஞ்சு வருஷம் ஆவும். இது ஆறு மாசத்து வேலை. பாங்க்காரன் அலைஞ்சு அலைஞ்சு கால் தேஞ்சு போயி, பாதிக்கு முடிச்சுக்கலாம்னு அவனே வருவான். படாபட்னு திருப்பி எழுதிக்கலாம்." பிறகுதான் ஞாபகம் வந்தவர்போலத் தங்கையைப் பார்த்தார். "என்னம்மா?"

அது கேள்வி அல்ல. அவள் காபி கலக்க எழுந்து போனாள். அதையே சம்மதமாக இரண்டு ஆண்களும் வைத்துக்கொண்டார்கள்.

ரிஜிஸ்தர் ஆபீஸில் தானப் பத்திரத்தை ஒரு குமாஸ்தா மராத்தியில் தட்டுத்தடுமாறாமல் வாசித்தான். மார்க்கெட் மராத்தி தெரிந்த கனகவல்லிக்கு ஒரு வரி தெளிவாகப் புரிந்தது. 'என் தங்கையின் மேல் எனக்குள்ள இயல்பான அன்பாலும் பாசத்தாலும், எந்தப் பிரதிபலனும் எதிர்பாராமல்' சிஞ்ச்வட்டில் உள்ள மூன்று படுக்கையறை ஃப்ளாட்டை அண்ணன் அவளுக்குத் தருகிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. முத்திரைத்தாளில், அதுவும் மராத்தியில்தான் வரும்போலிருக்கிறது. கட்டைவிரலில் மை தடவி உருட்டினார்கள். மையைத் துடைக்கத் துணி கேட்டாள். குமாஸ்தா சுவரைக் காட்டினான். ஊரெல்லாம் வீடு வாங்கியும் விற்றும் துடைத்த சுவர், ஆள் உயரத்துக்கு நீலமாக இருந்தது. அவளும் துடைத்தாள்.

அடுத்த வாரம் டெம்போ வந்தது. ஏழு பேர் உட்காரும் மெரூன் ரெக்ஸின் சோபா, இருபத்தொன்பது அங்குல டிவி, நின்ற இடத்திலேயே நடக்கும் மெஷின், கண்ணாடி அலமாரி, அலமாரிக்குள் தொழிற்பேட்டை கிரிக்கெட் போட்டியில் மூன்றாம் பரிசாக வந்த ஒரு கேடயம். கேடயத்தையும் பாங்க் ஜப்தி செய்துவிடும் என்று பக்தவத்சலம் நினைத்தது அவருக்கு அதன்மேல் இருந்த மதிப்பைக் காட்டியது. கூடவே டைப் அடித்த பட்டியல், மூன்று பிரதி. ஒவ்வொன்றிலும் கனகவல்லி கையெழுத்துப் போட வேண்டும். ஃப்ளாட்டை அன்பின் பேரில் கொடுத்துவிட்டு, சோபாவைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

"பிளாஸ்டிக் கவரைக் கழட்டிடாத. ரெக்ஸின் போயிடும்" என்றார். "உக்கார்றதுன்னா பாத்து உக்காருங்க."

ஒற்றை ஹாலில் அது புகுந்தபிறகு உட்கார வேறு இடம் இல்லை. அதிலும் உட்காரக்கூடாது என்றால் சமையலறைதான். மூன்று பேரும் கேஸ் சிலிண்டரை ஒட்டித் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நடக்கும் மெஷின்மேல் சுப்ரஜா துண்டு காயப்போட்டாள். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படியில் கிட்டுவை நிறுத்தி, "எந்தக் கான்ட்ராக்டர் சார்? நல்ல மனுஷனா இருப்பார்போல" என்று கேட்டுச் சிரித்தார். முப்பத்தாறு வருஷத்தில் ஸ்டோர்ஸிலிருந்து ஒரு வாஷரைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத கிட்டு அதற்குப் பிறகு படியிறங்கும்போது தலையைக் குனிந்துகொண்டே இறங்கினார்.

சிஞ்ச்வட்டில் அண்ணன் குடும்பம் அதே வீட்டில் அப்படியேதான் இருந்தது. அவ்வப்போது அண்ணி ரமா போன் செய்வாள்.

"வீட்டுக்காரம்மாவா? பாத்ரூம்ல குழாய் ஒழுகுது. மாத்திக்கலாமா, இல்ல மனு குடுக்கணுமா?"

"அண்ணி, என்னைப்போயி..."

"ஒன்ன இல்ல கனகா. இங்க ஒருத்தரு பக்கத்துல நின்னு கேக்கறாரு. அவருக்குதான் சொல்றேன்."

ஆறு மாதம் ஆயிற்று. பாங்க்காரனின் கால் தேய்ந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் சோபா டெம்போவில் போனதை சிஞ்ச்வட் தமிழர்கள் பார்த்திருந்தார்கள், கட்கித் தமிழர்களிடம் சொல்லியிருந்தார்கள். டிசம்பரில் ஃபேக்டரியில் கிட்டுவோடு வேலைசெய்பவரின் மகள் கீர்த்திக்குக் கல்யாணம். அந்தக் கூட்டத்துக் கல்யாணங்களில் சீரை மைக்கில் வாசிப்பது வழக்கம். தாய்மாமன் பத்துச் சவரன், அத்தை வீட்டார் பீரோவும் கட்டிலும் என்று ஒருவர் ராகம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார். பக்தவத்சலம் சஃபாரி சூட்டில் இரண்டாம் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்வரிசைக்காரர் ஒருவர் குனிந்து, மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "சாமானெல்லாம் போயிடுச்சாமே சார். கம்பெனி பரவாயில்லயா?"

கனகவல்லிக்கு அண்ணனின் கழுத்து தெரியும். அது நீளும்போது ஏதோ ஆகப்போகிறது. அவர் எழுந்தார், மேடைக்குப் போனார், மைக்கை வாங்கிக்கொண்டார். மணமக்களை ஒரு வரியில் வாழ்த்திவிட்டுத் தன்னிடம் வந்தார்.

"நம்ம ஜனங்க பொண்ணுக்குச் சீர் செய்றோம். கல்யாணத்தோட விட்டுடறோம். நான் அப்படி விடல. என் ஒரே தங்கச்சிக்கு, இருபத்தாறு வருஷம் கழிச்சு, சிஞ்ச்வட்ல மூணு பெட்ரூம் ஃப்ளாட்ட சோபா, டிவியோட சீரா எழுதிக் குடுத்திருக்கேன். ரிஜிஸ்தர் பண்ணி. சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்."

கைதட்டல் எழுந்தது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெண்கள் கனகவல்லியின் முகவாயைத் தொட்டு நெட்டி முறித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சேவியர் எழுந்துவந்து கிட்டுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுவசதிச் சங்கத்துக்கு சேவியர்தான் செயலாளர். பதினைந்து வருஷமாக ஒரு பைசா சம்பளம் வாங்காமல் அந்த வழக்குக்கு அலைந்தவர். மனசாரச் சந்தோஷப்பட்டுக் குலுக்கினார். கிட்டுவின் கை அவர் கைக்குள் செத்த மீன்போலக் கிடந்தது.

ராத்திரி அண்ணன் போன் செய்தார். "எப்டி பேசினேன்? வக்கீலுகூட நல்லதுன்னுட்டான். முந்நூறு பேரு சாட்சி."

மார்ச்சில் கோர்ட்டிலிருந்து கனகவல்லி பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் பெயருக்குக் கடிதம் வருவதே அபூர்வம். மராத்தியில் நாலு பக்கம் இருந்த அதை அண்ணனிடமே கொடுத்தாள். "இதெல்லாம் ரொட்டீன்மா" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

2002 செப்டம்பரில் சங்கத்தின் கடிதம் வந்தது. பி விங், மூன்றாம் மாடி, நானூற்று எண்பது சதுர அடி. முப்பது நாளுக்குள் சத்தியப் பத்திரம் கொடுத்து, கடைசித் தவணையும் கட்டினால் ஜனவரியில் சாவி. கிட்டு ஜனவரி கடைசியில் ஓய்வுபெறுகிறார். இவ்வளவு ஒழுங்காக அவர் வாழ்க்கையில் எதுவுமே கூடிவந்ததில்லை. அந்த ஞாயிறு ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு ஹடப்சர் போனார். சிமென்ட் வாசனை அடிக்கும் வெற்று அறைகளில் காலடி வைத்து அளந்தார். கட்டில் இங்கே, பீரோ இங்கே என்றார். சமையலறை ஜன்னலைத் திறந்து, "காத்து வருது பாரு" என்றார். அவள் பார்த்தாள். வந்தது. குவார்ட்டர்ஸ் சமையலறையில் ஜன்னல் பக்கத்து பிளாக்கின் கக்கூஸ் குழாயைப் பார்த்துத் திறக்கும்.

அங்கிருந்து நேரே சிஞ்ச்வட்டுக்குப் போனார்கள். சோபா இல்லாத பெரிய ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. பக்தவத்சலம் அதிலும் எம்.டி. நாற்காலியில் சாய்வதுபோலச் சாய்ந்தார். அது பின்பக்கம் வளைந்தது.

"அண்ணா, லெட்டர் வந்துடுச்சு. முப்பது நாள்தான் டைம். ஃப்ளாட்ட உங்க பேருக்கே மாத்திக்கோங்க."

"மாத்தறதா? என் பேருக்கு வந்த மறுநாளே பாங்க்காரன் பூட்டிடுவான்."

"வேற யாருக்காவது மாத்துங்க. எங்க பேரு வேணாம்."

அவர் கூரையைப் பார்த்தார். ரமா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "சொல்லுங்க. மார்ச்சுலேர்ந்து சட்டைப்பையிலயே வெச்சிருக்கீங்களே, அத எடுத்துச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். ஃப்ளாட் கைமாறியதை பாங்க் கண்டுபிடித்து, அது ஏமாற்றுத் தானம் என்று வழக்குப் போட்டிருந்தது. வழக்கில் கனகவல்லியும் ஒரு பிரதிவாதி. தீர்ப்பு வரும்வரை அந்த ஃப்ளாட்டை யாரும் யாருக்கும் விற்கவோ மாற்றவோ கூடாது என்று கோர்ட் தடை போட்டுவிட்டது. அண்ணன் நினைத்தாலும் வாங்க முடியாது, தங்கை நினைத்தாலும் கொடுக்க முடியாது.

"எத்தனை நாளாவும்ண்ணா?"

"நாளா? வக்கீலு ஏழெட்டு வருஷம்ன்றான். நமக்கு நல்லதுதானே அது?"

"நமக்கு" என்று கிட்டு மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

"மாப்ளே, அது என்னா வீடு, நானூத்தி எம்பது அடி? புறாக்கூண்டு. அத விட்டா என்ன போச்சு? கடவுள் பாத்துப்பான்."

கடவுள் பார்த்துக்கொள்வதாகச் சொல்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே மூன்று படுக்கையறையில் இருப்பவர்கள்தான் என்பது கனகவல்லிக்கு அன்று தோன்றியது. சொல்லி முடிப்பதற்குள் அவர் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். கேட்கத் தெம்பில்லை.

இருபத்தெட்டாம் நாள் கிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு சேவியரின் வீட்டுக்குப் போனார். பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். 'எனக்கோ என் மனைவிக்கோ புனே எல்லைக்குள் வேறு வீடு இல்லை' என்று டைப் செய்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். கனகவல்லிக்கு அது தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தாள். பொய்ச் சத்தியம் செய்த முகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இல்லை. நாலு ராத்திரி தூங்காத முகமாக இருந்தது.

சேவியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார்.

"கிட்டு, அந்தக் கல்யாணத்துல நானும் இருந்தேன். கையத் தட்டினேன். லட்டு தின்னேன். லிஸ்ட்ல இருக்கற பாதிப்பேரு அங்கதான் இருந்தாங்க."

"அது நெசமில்ல சேவியரு. பாங்க்குக்குப் பயந்து எழுதினது."

"அப்படின்னு எழுதித் தர்றியா? தந்தா வீடு கிடைக்கும். ஒன் மச்சானும் ஒன் பொண்டாட்டியும் ஏமாத்தினாங்கன்னு கோர்ட்ல அதே பேப்பர் போவும். நீ இன்னும் சர்வீஸ்ல இருக்கற. பென்ஷன் இருக்கு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஒன் அடுத்த நம்பரு ஜெபமணிம்மா. புருஷன் போயி ஆறு வருஷமாவுது. அவங்களும் பதினஞ்சு வருஷமாக் கட்றாங்க. நான் கண்ண மூடிக்கினு ஒனக்குக் குடுத்தா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன், நீயே சொல்லு."

கிட்டு அந்த முத்திரைத்தாளை இரண்டாக, நாலாக மடித்தார். பிறகு ஸ்டோர்ஸில் ஒரு சாமானுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்: "பணம் திருப்பி வாங்கற ஃபாரம் இருக்கா?"

இருந்தது. அங்கேயே நிரப்பிக் கொடுத்தார். சேவியரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். மூவரும் குடித்தார்கள். வேறு என்ன செய்ய முடியும்?

ஜனவரியில் கிட்டுவுக்கு மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்த சங்கப் பணத்தில் இப்போது அதே ஹடப்சரில் ஒரு சமையலறைகூட வாங்க முடியாது. வாடகைக்குப் பார்த்தார்கள். பென்ஷனில் பாதி போகும் வீடுகளெல்லாம் லோஹேகாவ் தாண்டி, தண்ணீர் லாரி வரும் இடங்களில் இருந்தன. சுப்ரஜாவுக்குக் கால் சென்டரில் வேலை கிடைத்திருந்தது, ஷிஃப்ட் முடிந்து காலையில் வருவாள். "மா, நம்மகிட்ட கர் இருக்கு. ஆனா இருக்க வீடு இல்ல. இத நான் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எப்டி சொல்றது?" என்று கேட்டாள். கிட்டு எல்லா வீட்டையும் பார்த்துவிட்டு வந்து, எல்லாவற்றையும் பற்றி "பரவாயில்ல" என்றார். அவர் அளப்பதை நிறுத்திவிட்டதைக் கனகவல்லி கவனித்தாள். ஒரு வீட்டிலும் காலடி வைத்துப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் பக்தவத்சலம் வந்தார். கையில் ஒரு கவர் மட்டும் இருந்தது.

"ஒரு சின்ன வேலை கனகா. போன வாரம் கோர்ட்ல பாங்க் வக்கீல் ஒரு கேள்வி கேட்டுட்டான். வீடு தங்கச்சியோடதுன்னா தங்கச்சி ஏன் கட்கில இருக்கான்னு. ஜட்ஜும் எழுதிக்கினாராம். அதனால நம்ம வக்கீல் சொல்றான், ஒன் ரேஷன் கார்டு அட்ரஸ சிஞ்ச்வட்டுக்கு மாத்திட்டா போதும்னு. ஃபாரம் கொண்டாந்திருக்கேன். கேஸ் சிலிண்டர் புக்கும் மாத்திக்கலாம். எல்லாம் பேப்பர்ல. நீங்க அலைய வேண்டாம்."

அவள் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தாள். பெயர், பழைய முகவரி, புதிய முகவரி, மாறும் காரணம். ஹாலில் சோபா பிளாஸ்டிக்குக்குள் வியர்த்துக்கொண்டு கிடந்தது. அதன் ஓரத்தில், ரெக்ஸின் போய்விடாதபடி, கிட்டு நுனியில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு மனிதர், முட்டிவலிக்காரர், இரண்டு வருஷமாகத் தன் வீட்டில் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"சோபால நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றாள் அவரிடம். பிறகு அண்ணனிடம் திரும்பினாள். "கார்டு மட்டும் வராதுண்ணா. ஆளும் வரும்."

"என்னா?"

"மே மாசத்துக்குள்ள இத காலி பண்ணணும். நாங்க அங்க வந்துடறோம்."

பக்தவத்சலம் சிரிக்கப் பார்த்தார். "வாங்களேன், யாரு வேணாம்னா? நிர்மல் ரூமு இருக்கு. சாமானெல்லாம் போட்டிருக்கோம், கொஞ்சம் ஒதுக்கினா..."

"அதுல சுப்ரஜா இருந்துக்கட்டும். நைட் ஷிஃப்ட், பகல்ல தூங்கறவ. நிர்மல் ஹாஸ்டல்லேர்ந்து லீவுக்கு வந்தா உங்களோட நடு ரூம்ல படுத்துக்கட்டும். இவருக்கு முட்டி மடங்கல, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கற ரூம்தான் சரியாவும். பெரிய ரூமு."

"அது என் ரூமு" என்றார் அவர். எம்.டி. கேபினைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு மெல்லிய குரலில் பேசியதில்லை.

"தெரியும்ண்ணா."

"கனகா, நீ யோசிச்சுதான் பேசறியா? நாளைக்கு வக்கீலுகிட்ட நான் என்னான்னு..."

"வக்கீலுக்குச் சந்தோஷமாதான் இருக்கும். வீட்டுக்காரி வீட்ல இருக்கா." கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், தங்கைகளின் கோபத்தைச் சமாளிக்க அவருக்குத் தெரியும். அவள் ரேஷன் கடையில் வரிசை எவ்வளவு நீளம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். "இல்ல, வேணாம்னா சொல்லுங்க. கோர்ட்ல என்னக் கூப்ட்டுக் கேக்கும்போது உள்ளத உள்ளபடி சொல்லிடறேன். எனக்கும் இந்தத் தொல்லை இத்தோட விடும்."

அவர் கிட்டுவைப் பார்த்தார். கிட்டு காதைச் சொறியவில்லை. சோபாவில் முதுகு படும்வரை மெதுவாகப் பின்னால் நகர்ந்து, சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். பிளாஸ்டிக் சத்தம் போட்டது.

மே எட்டாம் தேதி அண்ணனின் போசரிப் பட்டறை டெம்போவே வந்தது. இரண்டு வருஷத்துக்குமுன் இறக்கிய அதே சாமான்களை ஏற்றி, மிச்ச இடத்தில் இவர்களுடையதையும் போட்டார்கள். இவர்களுடையது அதிகமில்லை. சிஞ்ச்வட்டில் ரமா பெரிய அறையைக் காலிசெய்து கூட்டி வைத்திருந்தாள். அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. தன் படுக்கையறையைப் பறிகொடுத்தவளாகவும் தெரிந்தாள், புருஷன் வாயடைத்துப்போனதை இருபது வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்தவளாகவும் தெரிந்தாள். கிட்டு அந்த அறைக்குள் போய், கதவைச் சாத்தி, குளியலறையைப் பார்த்துவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்தார். "நல்லாதான் இருக்கு" என்றார். "எப்ப காலி பண்ணச் சொல்லுவாங்களோ."

"கோர்ட்டு சொல்றப்ப பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள நாம போயிட்டோம்னா நல்லது."

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதீங்க" என்றாள்.

இது சொந்த வீடா, வாடகை வீடா, அண்ணன் வீடா, பாங்க் வீடா என்று அவளாலும் சொல்ல முடியாது. ஹடப்சரில் அந்த மூன்றாம் மாடி ஜன்னலை இந்நேரம் ஜெபமணியம்மா திறந்து வைத்திருப்பாள். காற்று வரும். நல்ல பெண்மணி, வரட்டும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு பக்தவத்சலம் தோளில் துண்டோடு பொதுக் குளியலறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே ஷிஃப்ட் முடிந்து வந்த சுப்ரஜா ஏதோ இந்திப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். தண்ணீர் நிற்கவில்லை. சமையலறைக்குப் போகும் வழியில் கனகவல்லி அவரைக் கடந்து போக வேண்டியிருந்தது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்.

சமையலறையில் இரண்டு ஸ்டவ், இரண்டு சிலிண்டர், இரண்டு மிளகாய்த்தூள் டப்பா. ரமா மேல் தட்டில் பாதியை ஒதுக்கியிருந்தாள். கனகவல்லி தன் டப்பாக்களை அடுக்கினாள். வாசலில் பால்காரன் மணியடித்தான்.

"எவ்ளோ சொல்லட்டும், நாளையிலேர்ந்து?" என்றாள் ரமா.

"ரெண்டு லிட்டரு போதும் அண்ணி."

"கணக்கு நோட்டு புதுசா போடணும்ன்றான். யார் பேருக்குன்னு கேக்கறான்."

கனகவல்லி பருப்பு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "உங்க பேருக்கே போடச் சொல்லுங்க" என்றாள். "என் பேருல ஒண்ணும் வேணாம்."